பீலிக் கல்லைத் தேய்த்தார்கள்

"நீ நர்சாகி என்னத்தக் கிழிக்கப் போற? பேசாம கொழுந்தெடுக்கப் போ" என்றார் சித்தப்பா. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் அந்த முதுகுக்கு நல்ல பெயர். சித்தப்பாவின் மகள் என்னைவிடச் சின்னவள். அடிக்கடி விழுவாள். விழுந்த போதெல்லாம் சித்தப்பா அவளை முதுகில் சுமந்து, மழையானால் கம்பளி போர்த்தி, தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். "புள்ள மேல உசுரையே வச்சிருக்காரு" என்று தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பெண்கள் மெச்சுவார்கள். என் அப்பா என்னை ஒருநாளும் அப்படித் தூக்கியதில்லை. எனக்குப் பொறாமை.

அவள் கை முறிந்த அன்று நானும் கூடப் போனேன். சித்தப்பாவின் மடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவர் கை அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தது.

"எப்புடிம்மா பட்டுச்சு?" என்றார் டாக்டரையா, அன்பாகத்தான்.

அவள் அவரைப் பார்க்காமல் தன் அப்பாவைப் பார்த்தாள். "பீலியில வழுக்கிருச்சுங்கய்யா."

"கைய இழுத்துக் கட்டணும். அப்பா, புள்ளய நல்லாப் புடிச்சுக்கங்க."

பிடித்துக்கொண்டார். அவள் அழவே இல்லை. "கெட்டிக்காரி!" என்று டாக்டரையா சிரித்தார். கங்காணிக்குச் சொல்லியும் அனுப்பினார். மறுநாளே ஆள் வந்து பீலியடிக் கல்லில் இருந்த பாசியை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவினான். ஒரு பிள்ளைக்காகத் தோட்டமே அசைந்ததாக எல்லோரும் பேசினார்கள்.

அதற்குப் பிறகும் அவள் விழுந்தாள். அவ்வளவு சுத்தமாகத் தேய்த்த கல்லில் எப்படி விழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அடித்த கை தலைமேல் இருக்கும்போது எந்தப் பிள்ளையும் உண்மை சொல்லாது என்பது எனக்கு அப்போது தெரியாது. படித்த டாக்டரையாவுக்கும் தெரியவில்லை.

அவள் கை கோணலாகவே கூடியது. இன்றும் அந்தக் கையோடுதான் கொழுந்தெடுக்கிறாள்.

நான் இப்போது டவுனில் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழகுகிறேன். போன வாரம் ஒருவர் தன் மகளை முதுகில் சுமந்து வந்தார். கன்னம் வீங்கியிருந்தது. படியில் விழுந்துவிட்டாளாம்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றேன்.

"நான் அப்பன்மா!"

"யாரா இருந்தாலும் வெளியதாங்க."

முறைத்துக்கொண்டே போனார். கதவைச் சாத்திவிட்டு, அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.