என் பெயர் ஏறப்போகும் முதல் உறுதி

பரந்தனில் வீடு வாங்கிவிட்டேன்! கையெழுத்து வைத்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

வீட்டுப் பத்திரமான உறுதியை எழுதிய நொத்தாரிசு அம்மாவிடம் கேட்கக் கொப்பி நிறையக் கேள்விகள் கொண்டுபோயிருந்தேன். அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணி இல்லைத்தானே? கடனுக்கு ஈட்டில் இல்லைத்தானே? எல்லாம் முன்பே பார்த்தாயிற்று. இருந்தும் இன்னொரு தடவை கேட்டேன்.

கடைசியாக, "அப்ப இனி வீடு என்ரதானே?" என்றேன்.

"ஓம் தங்கச்சி. ஆனா காணிப் பதிவகத்தில பதிஞ்சு உறுதி கைக்கு வர ஒண்டு ரெண்டு மாசம் செல்லும்" என்றார்.

என் முகம் வாடிவிட்டது. அப்போதுதான் சாட்சிக் கையெழுத்து வைக்க வந்திருந்த பக்கத்து வளவு ஐயா கேட்டார்.

"பிள்ளை, உங்கட முழுப்பேரை ஒருக்கா எழுதித் தாங்கோ."

"ஏன் ஐயா?"

"வாற கிழமை என்ர காணியை மகளுக்கு எழுதுறன். அந்த உறுதியில தெற்கு எல்லைக்காரர் எண்டு இனி உங்கட பேர்தானே வரவேணும்!"

பிறந்ததிலிருந்து வாடகை வீடு, முகாம், சொந்தக்காரர் வீடு. எந்த உறுதியிலும் என் பெயர் இருந்ததில்லை. சொந்த இனிஷியலையே பிழையாக எழுதி, வெட்டித் திரும்ப எழுதிக் கொடுத்தேன்.

என் உறுதி வருவதற்குள் அடுத்த வீட்டு உறுதியில் குடியேறப்போகிறேன்.

நான் தெற்கு. நீங்கள் யாருக்கு எந்தத் திசை?