சேர் என்றால் சிங்கம்

நடனத்தைப் பற்றி எனக்குப் பதினெட்டு வயதிலேயே எல்லாம் தெரிந்திருந்தது. ஆட மட்டும் தெரியாது. மெட்ரிக் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த காலம் அது. காத்திருப்பது என்றால் எங்கள் வீட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு புத்தகம் வாசிப்பது என்று பொருள். போர்ட் பிளேயருக்கு வரும் புத்தகங்கள் எல்லாம் கப்பலில் நனைந்து, காய்ந்து, அப்பளம் போல் உப்பி வரும். அவற்றை வாசித்து வாசித்து எனக்கும் அதே வடிவம் வந்துவிட்டதாக அப்பா அபிப்பிராயப்பட்டார். அவர் பொதுப்பணித் துறையில் குமாஸ்தா. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் பேட்டையான டாலிகஞ்சில் தகரக் கூரை போட்ட சமூகக் கூடத்தில் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, என்னைக் கட்டிலிலிருந்து பெயர்த்து அங்கே அனுப்பி வைத்தார்.

நடத்தியவர் ஒரு வங்காளி அம்மாள், சமூக நல அதிகாரி. நாங்கள் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவோம். ஆட்டம் ஒரு சாக்குதான், அதன் வழியாக உங்களுக்குத் தைரியம் வரவேண்டும், நாலு பேர் முன்னால் வாய் திறக்க வரவேண்டும், பக்கத்தில் நிற்பவனை நம்ப வரவேண்டும் என்று முதல் நாளே சொன்னார். எனக்கு அந்த மூன்றுமே வேண்டியிருக்கவில்லை. வேண்டியிருந்தவர்கள் சிரத்தையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

வந்திருந்தவர்களில் வங்காளிகள், தெலுங்குக்காரர்கள், மலையாளிகள், ராஞ்சிப் பக்கத்திலிருந்து காட்டு வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள், நாங்கள் தமிழர்கள் என்று எல்லாரும் உண்டு. அவரவர் மொழியை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, ஹிந்தி என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்த ஏதோ ஒன்றைப் பேசினோம். முதல் சில வாரங்கள் தீதி ஒவ்வொரு கூட்டத்தையும் அவரவர் ஊர் ஆட்டத்தை ஆடச் சொன்னார். விளைவாக ஒவ்வொரு மூலையிலும் ஒரு ஊர் உருவாகி, மற்ற ஊர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. நாங்கள் கும்மி அடித்தோம். அதைப் பற்றி அதிகம் சொல்லாமல் இருப்பதே கும்மிக்குச் செய்யும் மரியாதை.

பிறகு ஒரு ஞாயிறு, ஃபீனிக்ஸ் பே படகுத்துறைக்கு வரும் சரக்குப் படகில் வேலை பார்த்த, கார் நிக்கோபார் தீவு இளைஞன் ஒருவன் தன் கூட்டாளிகளோடு வந்தான். அவர்கள் மேளம் எதுவும் கொண்டுவரவில்லை. வட்டமாக நின்று, ஒருவர் கை அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் நீண்டு அதற்கும் அடுத்தவர் தோளைப் பிடிக்கும்படி பின்னிக்கொண்டார்கள். ஒருவன் தணிந்த குரலில் பாடத் தொடங்கினான். மற்றவர்கள் குரல் அதில் சேர்ந்தது. வட்டம் பக்கவாட்டில் மெல்ல நகர்ந்தது, கடல் மட்டம் ஏறுவதுபோல, எப்போது ஏறியது என்று தெரியாமல். பாதங்கள் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழுந்தபோது சிமெண்டுத் தரையின் அதிர்வு என் உள்ளங்காலில் வந்தது. நான் ஆட்டக் கலையைப் பற்றி வாசித்திருந்த எதிலும் உள்ளங்கால் குறிப்பிடப்படவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அதற்கு முன் அப்படி நின்றதில்லை என்று வீட்டில் உறுதிப்படுத்துவார்கள்.

அன்றே தீதி முடிவு செய்துவிட்டார். மூலைகள் ஒழிந்தன. எல்லாரும் ஒரே வட்டம். அவர்களுடைய பாட்டு எங்களுக்கு வாயில் நுழையாததால் வெறும் முனகலாக ராகத்தை மட்டும் இழுத்துக்கொண்டோம். நிக்கோபார்காரன் என் பக்கத்தில் நின்றான். என் கால்கள் இரண்டும் இருவேறு கட்சிகளைச் சேர்ந்தவை என்பதை முதல் சுற்றிலேயே கண்டுபிடித்து, "தோஸ்த், இதுல எது உன்னோடது?" என்று ஹிந்தியில் கேட்டான்.

குடியரசு தின விழாவுக்கு இதையே ஆடுவது என்று ஏற்பாடு. தீதி அதில் ஒரு புதுமை செய்தார். நடு ஆட்டத்தில் வட்டம் இரண்டாக உடைந்து, இரண்டு பிறைகளாக விலகிப் போய், மறுபடி வந்து பொருந்த வேண்டும். உடைவதற்கு 'சோடோ', விடு. பொருந்துவதற்கு 'ஜோடோ', இணை. நடுவில் நின்று இதை உரக்கச் சொல்ல ஒரு ஆள். யாருக்கு எது பயமோ அதை அவர் கையில் கொடுப்பது தீதியின் கொள்கை. ஆகவே அந்த வேலை கூட்டத்திலேயே வாய் திறக்காத ஒரு பெண்ணிடம் போனது.

அவள் எங்கள் பக்கத்துத் தெருப் பெண். அப்பா மர ஆலையில் வேலை, சொந்த ஊர் ராமநாதபுரத்துப் பக்கம். அவளுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர வேண்டும். அப்பாவுக்கு அவளை ஊரில் இருக்கும் தன் அக்கா மகனுக்குக் கட்டிக்கொடுத்து அடுத்த மெட்ராஸ் கப்பலில் ஏற்றிவிட வேண்டும். பொல்லாதவர் இல்லை. என்னிடமே ஒருநாள் கடை வாசலில் நின்று நியாயம் கேட்டார்.

"நீயே சொல்லு தம்பி. பக்கத்துல நின்னு பேசுனாலே இவ சொல்றது எனக்குக் கேக்கல. அங்க வாட்ல வங்காளத்தான் கிடப்பான், தெலுங்கன் கிடப்பான். இந்திக்காரன் தண்ணி கேப்பான். இவ முழிச்சிக்கிட்டு நிப்பா. எதுக்கு அந்தப் பாவம்?"

மகள் விடவில்லை போலிருக்கிறது. கடைசியில் இருவரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். விழாவில் அவள் கூப்பிடுவதை அவர் மைதானத்தின் ஓரத்தில் நின்று கேட்பார். குரல் அவர்வரை வந்து, அதைக் கேட்டு அத்தனை பேரும் ஆடினால் பயிற்சி. இல்லாவிட்டால் கப்பல்.

அவளுக்குக் குரல் இருந்தது. அது மூன்றாவது வாரமே வெளியே வந்துவிட்டது. வராதது ஜ.

ஜன்னலைச் சன்னல் என்றும் ஜோலியைச் சோலி என்றும் சொல்லி வளர்ந்த நாக்கு அவளுடையது. நிதானமாகச் சொன்னால் 'ஜோடோ' வரும். ஆட்டம் வேகம் பிடித்து, நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது இரண்டுமே 'சோடோ'தான். இணையச் சொல்கிறாளா, விடச் சொல்கிறாளா? பாதிப் பேர் கையை நீட்ட, பாதிப் பேர் கையை உதற, ஓடி வந்த வேகத்தில் இரண்டு பிறைகளும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சரிந்தன. பலமொழி பேசும் மக்கள் ஒருவர் மேல் ஒருவர் கிடந்தார்கள். அடியில் கிடந்தது நான். தேசிய ஒருமைப்பாட்டை அவ்வளவு அருகில் உணர்ந்தவர்கள் குறைவு.

அடுத்தடுத்து இதே கதை. பையன்கள் அவளைக் கண்டாலே "சோடோ, சோடோ" என்று கையை உதறிக் காட்டினார்கள். தீதிக்குக்கூடச் சலிப்புத் தட்டி, ஹிந்தி நன்றாகப் பேசும் ஒரு மலையாளிப் பெண்ணிடம் வேலையை மாற்றலாமா என்று யோசித்தார். நான் முன்வந்து, தமிழ் இலக்கணப்படி சொல்லின் முதலில் ஜகரம் வருவதற்கில்லை, ஆகவே தவறு அவளுடையது அல்ல, ஹிந்தியுடையது என்று விளக்கினேன். தீதி என்னைக் கனிவோடு பார்த்து, போய்க் கூடத்தைக் கூட்டச் சொன்னார்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தோம். அடுத்த ஞாயிறு வந்து நடுவில் நின்று, இன்னும் ஒரே ஒரு தடவை என்று தீதியிடம் கேட்டாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, உடைந்த ஹிந்தியில், விடுவதற்குச் சோடோ அப்படியே இருக்கட்டும், அது எனக்கு நன்றாக வருகிறது என்றாள். இணைவதற்கு மட்டும் வேறு சொல். தமிழ்ச் சொல்.

"சேர்," என்றாள். "போலோ, சேர்."

சொன்னார்கள். தமிழர்கள் நாங்கள் 'சேர்' என்றோம். ராஞ்சிப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு 'ஷேர்!' என்று உறுமினார்கள். ஹிந்தியில் ஷேர் என்றால் சிங்கம். அவள் தங்களைச் சிங்கம் என்று கூப்பிடுகிறாள் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இதுவரை யாரும் அவர்களை அப்படிக் கூப்பிட்டிருக்க நியாயமில்லை. ஒரு வங்காளிப் பையன் மட்டும், வங்காளத்தில் சேர் ஒரு பழைய எடையாகையால், ரேஷன் கடைப் படிக்கல்லைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்து, எத்தனை சேர், என்ன சரக்கு என்று விசாரித்தான். அவனுக்கு யாரும் விளக்கவில்லை. ஆட்டம் தொடங்கியது. அவள் 'சோடோ' என்றாள், வட்டம் பிளந்தது. 'சேர்' என்றாள், இரண்டு பிறைகளும் உறுமிக்கொண்டு வந்து, கை கையைத் தேடிப் பிடித்து, ஒரு விரல் இடைவெளி இல்லாமல் பொருந்தின. யாரும் விழவில்லை. நானே விழவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது? தன் சொல்லுக்கு ஒரு கூட்டம் அசைகிறது என்று ஒரு மனுஷிக்குத் தெரிந்துவிட்டால் அவள் நிற்கிற நிலையே மாறிவிடுகிறது. தோள் பின்னால் போகிறது. கண் ஆளைத் தேடி வருகிறது. "அண்ணே, புத்தகத்துல படிச்சதை மறந்துட்டு எட்டு வைங்க" என்று என்னைத் திருத்தினாள். நிக்கோபார்காரனையே, அவன் ஊர் ஆட்டத்தில், அவசரப்படாதே என்று அதட்டினாள். அவன் சிரித்துவிட்டு அடங்கினான். வாராவாரம் இதைக் கிட்டத்தில் நின்று பார்த்தேன். மரம் வளர்வதை நின்று பார்க்க முடிந்தால் அப்படித்தான் இருக்கும்.

விழா நாளில், மழைக்கு வேலை இல்லாத மாதத்தில், மழை வந்தது. பந்தலுக்குள் பிரமுகர்கள். மைக்கும் அரசாங்கச் சொத்தாகையால் நனையக் கூடாது என்று பந்தலுக்குள் போய்விட்டது. நாங்கள் நனைவதற்கு யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. அவள் அப்பா மைதானத்தின் கோடியில், ஒரு டீக்கடையின் தகரத் தாழ்வாரத்தில் நின்றிருந்தார். தகரத்தில் மழை கொட்டினால் பக்கத்தில் பீரங்கி வெடித்தாலும் கேட்காது. இது எங்கள் தீவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்தது. அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

வட்டம் நகர்ந்தது. சேறு குழம்பியது. வேகம் ஏறியது. "சோடோ!" பிளந்து விலகினோம். விலகிய வேகத்தில் என் கட்சி மாறிய கால்கள் தங்கள் பழைய கொள்கைக்குத் திரும்ப, நான் மல்லாந்து விழுந்தேன். என்னோடு பக்கத்தில் இருந்த இரண்டு தெலுங்குப் பையன்களும் விழுந்தார்கள்.

இந்த இடத்தில் அவள் ராகத்தின் கணக்குப்படி 'சேர்' சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் எதிர்ப் பிறை முழுவதும் ஓடி வந்து எங்கள் மேல் ஏறியிருக்கும். அவள் சொல்லவில்லை. கையையும் தூக்கவில்லை, முகத்தையும் சுளிக்கவில்லை. நடுவில், மழைக்குள், வாயை மூடிக்கொண்டு நின்றாள். நின்ற இடத்திலேயே எல்லாரும் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்கள். முனகல் நிற்கவில்லை. இறங்கி, தணிந்து, காத்திருந்தது. ராஞ்சிப் பையன் ஒருவன் தலையிலிருந்து தண்ணீர் கண்ணுக்குள் ஓடியது, அவன் துடைக்கவில்லை. நான் சேற்றில் கிடந்தபடி அண்ணாந்து அதைப் பார்த்தேன். இத்தனை ஊர், இத்தனை பாஷை, எல்லாம் ஒரு பெண்ணின் திறக்காத வாயில் போய்த் தொங்கிக்கொண்டிருந்தன. எழுந்திருக்க வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. நிக்கோபார்காரன்தான் காலரைப் பிடித்துத் தூக்கினான். தெலுங்குப் பையன்கள் தாமே எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

மூவரும் நேராக நின்றதைப் பார்த்துவிட்டு, அவள் வாய் திறந்தாள்.

பொருந்தினோம். உறுமல் பந்தலுக்குள் போய்த் திரும்பி வந்தது. பிரமுகர்களில் ஒருவர் பிற்பாடு மைக்கில், இந்தத் தீவின் பழமையான சிங்க நடனத்தைக் கண்டு தாம் பரவசப்பட்டதாகப் பேசினார். தீவில் சிங்கம் என்றைக்குமே இருந்ததில்லை என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மழை விட்டபின் நாங்கள் டீக்கடைக்குப் போனோம். அவள் எனக்கு முன்னால் நடந்தாள். அப்பா அவளைப் பார்க்காமல், முதுகில் சேறோடு நின்ற என்னைப் பார்த்துப் பேசினார்.

"ஒண்ணுமே கேக்கல தம்பி. தகரம் போட்ட போடுல எம்மக குரல் ஒரு சொட்டுக் கேக்கல."

அவள் தலையை நிமிர்த்தியபடியே நின்றாள். கொஞ்ச நேரம் முன்பு மைதானத்தில் நின்ற அதே நிற்றல்.

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க விழுந்து கிடந்தீகள்ல, அப்ப இவ வாயைத் தொறக்கல. தொறக்குற வரைக்கும் ஒரு பய அசையல. அதைப் பாத்தேன்." பிறகு, மிகவும் கவலையாக, "அக்காகிட்ட எப்புடிச் சொல்லப் போறேன்னுதான் தெரியல," என்றார்.

அவள் அவர் கையிலிருந்த குடையை வாங்கிச் சுருட்டினாள்.

அடுத்த மெட்ராஸ் கப்பலில் அவர் தனியாகத்தான் போனார். வழியனுப்ப அவள் வரவில்லை. அன்றைக்குப் பயிற்சியில் சேர்கிற நாள். அக்காவைச் சமாதானப்படுத்திவிட்டு அவர் திரும்பி வந்தபோது வெகுவாக இளைத்திருந்தார். அங்கே என்ன நடந்தது என்று கேட்க டாலிகஞ்சில் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.