டாக்டர் வீரராகவனுக்கு வந்த கடிதங்கள்

ஜெயசீலிக்கு எதைத் தொட்டாலும் குமட்டும் என்று ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு பேச்சு உண்டு. டீக்கடையில் கிளாஸை வெந்நீர் ஊற்றிக் கழுவச் சொல்லிவிட்டுத்தான் வாங்குவாள். பஸ்ஸில் கம்பியைக் கைக்குட்டை சுற்றித்தான் பிடிப்பாள். அப்படிப்பட்டவளுக்கு 1986இல், செத்துப்போன ஒரு டாக்டருக்கு நோயாளிகள் எழுதிய கடிதங்களை டைப் அடிக்கிற வேலை கிடைத்தது. தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த அவள் கணவன் பால்ராஜ் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஒனக்கின்னே தேடி வந்துகீது பாரு!"

டாக்டர் வீரராகவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூந்தமல்லியில் வைத்தியம் பார்த்தவர். அந்தக் காலத்தில் காஞ்சிபுரம் வரையிலிருந்து அவரிடம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் பெயரில் ஒரு தெருவும் இருந்தது. பேரன் ஜானகிராமன் ஒரு கம்பெனியில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தாவின் கடிதங்களைப் புத்தகமாகப் போடப்போகிறேன் என்று சொல்லி, தமிழ், இங்கிலீஷ் இரண்டும் அடிக்கத் தெரிந்த ஆள் தேடினார். ஆவடி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஜெயசீலி போனாள்.

அவர் பங்களாவில் இரண்டு இரும்புப் பெட்டிகள். திறந்ததும் எலி மூத்திரமும் பழைய மருந்தும் சேர்ந்த நாற்றம் மூக்கில் ஏறியது. டாக்டர் எதையும் தூக்கிப் போடாதவர். மனைவிக்கு எழுதியது, சக டாக்டர்களுக்கு எழுதிய கடிதங்களின் நகல், அவர்கள் எழுதிய பதில், நோயாளிகள் எழுதியது எல்லாவற்றையும் நூல் சுற்றிக் கட்டிவைத்திருந்தார். சீழ், புழு, வெள்ளை, மூலம். ஒரு கடிதத்தோடு தீப்பெட்டி ஒன்று தைத்திருந்தது. அதற்குள் காய்ந்து சுருண்ட நூல் மாதிரி ஏதோ. 'இது என் வயிற்றிலிருந்து விழுந்தது. டாக்டர் அவர்கள் சமூகம் தயவுசெய்து பார்வையிடவும்' என்று எழுதியிருந்தது. அன்றைக்கு அவள் கொண்டுபோன தயிர்சாதத்தைத் திறக்கக்கூட இல்லை.

ஆனாலும் போய்க்கொண்டிருந்தாள். டாக்டர்தான் காரணம். முகாம் போன ஊரில் மூட்டைப்பூச்சி தூங்க விடவில்லை, உன் ரசத்தை நினைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக் கஞ்சியைக் குடிக்கிறேன் என்று மனைவிக்கு எழுதியிருந்தார். இன்னொரு டாக்டருக்கு எழுதியது வேறு மாதிரி. செம்பரம்பாக்கத்துக் குழந்தைக்கு மருந்து கொடுக்க நான் தயங்கினேன், அதனால்தான் போய்விட்டது, அதன் தாய் என் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போகிறாள், எனக்குச் சோறு இறங்கவில்லை. 

ஜானகிராமனுக்கு அந்தக் கடிதம் பிடிக்கவில்லை. "இது வேண்டாம்மா. தாத்தாவோட பேரு என்ன ஆகறது?" என்று பென்சிலால் குறுக்கே கோடு போட்டார். அவருக்குப் பிடித்தவை வேறு. சாயங்காலம் நண்பர்கள் வருவார்கள். சமையற்காரி பேபி போண்டா சுட்டுக் கொண்டுவந்து வைப்பாள். ஜானகிராமன் நோயாளிகளின் கடிதக் கட்டை அவிழ்த்து, பொம்பளைக் குரலில் படிப்பார். புருஷன் எங்கேயோ போய் வாங்கிவந்த நோய் தனக்கும் ஒட்டிக்கொண்டது என்று ஒருத்தி யாரையோ விட்டு எழுதச்சொன்ன கடிதத்தையும் அப்படித்தான் படித்தார். "யாரு வீட்டுப் பாட்டின்னு சொல்லுங்க பார்ப்போம்!" என்பார். ஆளுக்கொரு பெயராகச் சொல்லிச் சிரிப்பார்கள். பக்கத்து அறையில் ஜெயசீலிக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்கும். மறுநாள் அந்தக் கடிதம் அவள் மேஜைக்கு வரும்போது போண்டா எண்ணெய் ஊறிப்போயிருக்கும். புழு இருந்த தீப்பெட்டியைத் தொட்ட விரலை அவள் ஒரு தடவைதான் கழுவினாள். இந்த எண்ணெயைத் தொட்ட விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

"சார், இதுல பேரையாவது எடுத்துடலாமே. பாதிரியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ற மாதிரி அவர்கிட்ட சொன்னது."

"செத்தவங்களுக்கு என்னம்மா மானம்?" என்றார் அவர்.

பங்களாவுக்குப் பின்னால் இருந்த நிலத்தை அவர் மனை போட்டு விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார். வழி வேண்டுமென்றால் பக்கத்து நிலத்துக்காரன் துலுக்கானத்தின் மல்லித் தோட்டத்துக்குள்தான் போகவேண்டும். துலுக்கானம் முடியாது என்று சொல்லிவிட்டான். ஒரு நாள் மத்தியானம் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்த ஜானகிராமன், ஜெயசீலியைக் கூப்பிட்டார். ஒரு கடிதத்தை நீட்டினார்.

"கண்ணாடியை எங்கியோ வச்சிட்டேன். கொஞ்சம் படிம்மா."

அவளும் படித்தாள். "என் சம்சாரம் கண்ணம்மாளுக்குக் கைவிரல்கள் மரத்துப்போய்ச் சூடுபட்டாலும் தெரியவில்லை. பெருவியாதி என்று ஊரார் அறிந்தால் கிணற்றில் நீர் மொள்ள விடமாட்டார்கள். ஆகையால் சமூகம் மறைவாக வந்து..."

நிமிர்ந்து பார்த்தாள். துலுக்கானத்தின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. 

"உன் பாட்டி பேரு கண்ணம்மாதானே?" ஜானகிராமன் புன்னகை மாறாமல் கேட்டார். "பொண்ணுக்குக் கோவில்பதாகையில இடம் அமைஞ்சிருக்குன்னு கேள்விப்பட்டேன். நல்ல மனுஷங்க. அவங்களுக்கு எதுக்கு இதெல்லாம் தெரியணும்?"

"இன்னா சார் இது..." என்றான் துலுக்கானம். "ஆயா செத்து எம்மாம் வருசம் ஆவுது. எம் பொண்ணு இன்னா சார் பண்ணிச்சி?"

"ஒண்ணும் பண்ணல. அதான் சொல்றேன்."

அப்போதெல்லாம் ஆவடி ஸ்டேஷன் சுவரிலேயே தொழுநோய் குணமாகும் என்று பெரிதாக எழுதிவைத்திருந்தார்கள். ஆனால் சுவரைப் படித்துவிட்டு யார் பெண் எடுக்கிறார்கள்? துலுக்கானம் தலையாட்டினான். வழி விடுவதாக எழுதிய காகிதம் தயாராகவே இருந்தது. அவன் கையெழுத்துப் போட்டதும் ஜானகிராமன், "பேபி, இவருக்கு ஒரு காப்பி" என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஜெயசீலி வாந்தி எடுத்தாள். வீட்டுக்குப் போய் வாயை உப்புத் தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கடிதம் அவள் வாய் வழியாக அல்லவா வெளியே வந்தது?

மறுநாள் காலை வழக்கம்போலப் போனாள். டாக்டர் எழுதிய கடிதங்களை, பென்சில் கோடு போட்டதையும் சேர்த்து, அடுக்கி மேஜைமேல் வைத்தாள். நோயாளிகள் எழுதிய கட்டுகளை முந்தானையில் அள்ளிக்கொண்டு, கொல்லைப்புறம் பேபி வெந்நீர் போட்டுக்கொண்டிருந்த அடுப்புக்குப் போனாள். பேபி எரிகிற விறகைக் கொஞ்சம் தள்ளி இடம் விட்டாள். தீப்பெட்டியும் எரிந்தது.

ஜானகிராமன் ஓடிவந்தபோது கடைசிக் கட்டு பாதி கருகியிருந்தது. "அடிப் பாவி! சரித்திரம்டி அது!" என்று கத்தினார்.

"உங்க தாத்தாவுக்கு எழுதினது சார். உங்களுக்கு எழுதல."

"போலீஸ்ல சொல்லி உள்ள வைக்கிறேன் பாரு!"

"சொல்லுங்க. என்ன காகிதம்னு கேட்பாங்க. அத வச்சு நீங்க என்ன வாங்கினீங்கன்னு நானும் சொல்றேன்."

 அவர் மேலே காலையிலேயே சந்தன சோப்பு மணத்தது. இவள் மூச்சை அடக்கிக்கொண்டு அவரைத் தாண்டி வெளியே வந்தாள்.

நேரே மல்லித் தோட்டத்துக்குப் போனாள். அளவுக்கல் நட ஆள் வந்துவிட்டிருந்தது. துலுக்கானம் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, அந்தக் கடிதம் இப்ப இல்ல. எல்லாத்தையும் எரிச்சிட்டேன்."

 "நேத்து எரிச்சிருந்தா எந் தோட்டம் தப்பிச்சிருக்கும்மா" என்றான். பிறகு, "நீங்க முன்னியே படிச்சிட்டீங்க இல்ல, எல்லாத்தையும்?"

"ஆமா."

"நீங்க இங்க வராதீங்க டீச்சரம்மா. ஒங்க மேல கோவம் இல்ல. ஒங்களப் பாத்தா எங்க ஆயா வெரலு நெனப்புக்கு வருது."

போலீஸ் வரவில்லை. கொஞ்ச நாள் பால்ராஜ் மட்டும் வாசல் சத்தம் கேட்டாலே எழுந்து எழுந்து பார்த்தான். அடுத்த வருஷம் ஜானகிராமன் ஒல்லியாக ஒரு புத்தகம் போட்டார். செம்பரம்பாக்கத்துக் குழந்தை அதில் இல்லை. துலுக்கானத்தின் மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மல்லித் தோட்டத்தின் நடுவே செம்மண் ரோடு விழுந்து, இருபுறமும் வீடுகள் எழும்பின. மார்க்கெட்டில் எதிரே வந்தால் துலுக்கானம் வெற்றிலைக் கடைப் பக்கம் திரும்பிக்கொள்வான். அவளும் கூப்பிட்டதில்லை.

குவார்ட்டர்ஸில் எழுத்துப் படிக்கத் தெரியாத பெண்கள் ஊரிலிருந்து கடிதம் வந்தால் அவளிடம் கொண்டுவருவார்கள். கண் சரியில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவாள். தொண்ணூறுகளின் கடைசியில் எல்லோர் வீட்டுக்கும் போன் வந்து கடிதங்கள் நின்றுபோனபோது அவளைப் போலச் சந்தோஷப்பட்டவர்கள் யாரும் இல்லை.