கேற்றடியோடு முடிந்த தார்

போன கிழமை எங்கள் வெள்ளவத்தை மாடிக்குடியிருப்பில் லிஃப்ற் மறுபடியும் படுத்துவிட்டது. மூன்றாம் மாடிப் படியில் மூச்சு வாங்க நின்றபோது மேல்வீட்டுப் பெண் தன் போனை நீட்டினாள்.

“அங்கிள், லீவுக்கு இங்கதான் போறம். வடிவா இருக்கு, பாருங்கோ.”

மலை உச்சியில் ஒரு ஹோட்டல். ‘மனிதர் கால் படாத மலை’ என்று ஒரு குரல் இங்கிலீசில் உருகியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கால் படாத மலையாம்! அது பழைய தோட்டத்துரையின் பங்களா ஐயா. அந்த ஊர்ப் பிரதேச சபையில்தான் என் முதல் உத்தியோகம், கிளார்க்.

கொட்டாஞ்சேனையில் வியர்த்து வளர்ந்தவன் நான். அங்கே போய் இரண்டு சுவெட்டர், ஒரு குரங்குத் தொப்பி. சபைக் கந்தோரில் யாரும் என் முழு முகத்தைக் கண்டதில்லை. ஊர் என்றால் ஒரே தெரு. ஒரு முனையில் விகாரை, மறுமுனையில் பள்ளிவாசல், நடுவில் மாரியம்மன் கோயிலும் பஸ் நிற்குமிடமும். மற்றதெல்லாம் மலை, தேயிலை, தொழிலாளரின் வரிசைவீடுகளான லயங்கள். இந்தியாவிலிருந்து கடல் கடந்து மன்னாரில் இறங்கி, நடந்தே வந்து காடு வெட்டியவர்களின் வழிவந்தவர்கள் அந்த லயங்களில் இருந்தார்கள். ஊர்ச் சனத்தில் பெரும்பங்கு அவர்கள்தான்.

எலெக்‌ஷன் வந்தால் சபை மெம்பர்மார் லயத்துப் பிள்ளைகளைத் தூக்கி வைத்துக் கொஞ்சுவார்கள். வோட்டு விழுந்ததும் சட்டப் புத்தகம் வெளியே வரும். தோட்டம் கம்பனியின் சொத்து, சபைப் பணத்தை உள்ளே செலவழிக்க முடியாது. அதனால் டவுனிலிருந்து ஏறும் தார் ரோட்டு தோட்டத்து வாசல் கேற்றடியில், கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். அதற்கப்பால் சேறும் கல்லும். வாகனம் ஏறாது.

முருகையா எங்கள் சபையின் ரோட்டு வேலையாள். வீடு கேற்றுக்கு மேலே, லயத்தில். அப்போது அவர் மனைவிக்கு நிறைமாதம். ஒருநாள் வேலை முடிந்தும் பீப்பாயில் கொஞ்சம் தார் மிஞ்சியது. வேலையை மேற்பார்த்த ஓவசியர் நல்ல மனுஷன், “ஊத்துங்கடா, அந்த ஏத்தத்துக்கு மட்டும்” என்று கண்ணை மூடிக்கொண்டார். கேற்றைத் தாண்டிச் செங்குத்தான ஒரு துண்டுக்குத் தார் விழுந்தது. வாடகை வான் ஒன்று முதல்முறையாக லயத்தடிக்குப் போய்த் திரும்பியது. லயமே கைதட்டியது.

கணக்காய்வுக்கு வந்த பெரியவர் ஒருவர் அதைக் கண்டுவிட்டார். “மேக்க கலவன்ன!” இதைக் கிண்டி எடு என்று சிங்களத்தில் உத்தரவு. எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? போட்ட ரோட்டைக் கிண்டி எடுக்கிற அரசாங்கம்! நான் கத்தினேன். “தம்பி, வேலை வேணுமெண்டால் வாயைப் பொத்து” என்றார் பெரிய கிளார்க். தரை கொத்தும் பிக்கானை முருகையாவின் கையிலேயே கொடுத்தார்கள். தான் ஊற்றிய தாரைத் தானே கொத்தினார். தார் போனது போதாமல் பள்ளம் வேறு விழுந்தது.

அடுத்த கிழமை அடைமழை. ஒரு பின்னேரம் முருகையாவின் மனைவிக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்த வான் கேற்றடியில் நின்றது. கம்பளியைத் தடியில் கட்டி, அவரைப் படுக்கவைத்து, அந்தப் பள்ளத்தில் வழுக்கி வழுக்கி இறக்கினார்கள். தாய் பிழைத்தார். பிள்ளை வழியிலேயே பிறந்து வழியிலேயே போய்விட்டது. பங்களாவுக்குக் கீழே, தேயிலை ஓரத்தில் புதைத்தார்கள். எந்தக் கணக்காய்வில் இதை எழுதுவது, சொல்லுங்கள்!

பல வருஷம் கழித்து, தோட்டத்துக்குள்ளும் செலவழிக்கலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்குள் தோட்டம் நொடித்து, சனம் கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாட்டு வீடுகளுக்கும் சிதறிப்போய், லயங்களை இடித்துத் தரைமட்டமாக்கியாயிற்று. பங்களா மட்டும் ஹோட்டலாகிவிட்டது. இப்போது கேற்றைத் தாண்டி உச்சிவரை காப்பெட் தார் ரோட்டு, பளபளவென்று.

மனம் ஆறாமல் அன்றே முருகையாவுக்குப் போன் எடுத்தேன். அவரும் மனைவியும் கீழே டவுனில் ஓர் அறை எடுத்து இருக்கிறார்கள்.

“அந்த மலைப் பக்கம் போறதுண்டா?”

“போன மாசம் போனோங்க சார். புள்ளைக்கு ஒரு வெளக்கு வைக்கலாமுனு. கேட்டுல நிக்கிறவன் புக்கிங் இருக்கானு கேட்டான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அவ வெளக்க அங்கனயே ரோட்டோரமா ஏத்தி வச்சா. அதையும் எடுக்கச் சொல்லிட்டாங்க சார்.”