கிக் டிரம்முக்கு நான் வைத்த மைக்

போன வருஷம் ஆடி மாசம், திருவொற்றியூரில் என் கடைக்குப் பின்னால் இருக்கிற குடோனில் நடந்தது இது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன். சைக்கிள் கேரியரில் ஹாரன் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் மிதித்தவன். இன்றைக்கு மூன்று வண்டி நிறைய சாமான் வைத்திருக்கிறேன். கோயிலில் கூழ் ஊற்றுவதா, கட்சிக் கூட்டமா, கல்யாணமா, சர்ச் திருவிழாவா, இந்தப் பக்கத்தில் மைக் செட் என்றால் 'நைனா எங்கே' என்று என்னைத்தான் கேட்டு வருவார்கள். இன்ஜினியரிங் படித்தவர்களே என் மேடைக்குப் பக்கத்தில் நின்று, ஒரு கீச்சுச் சத்தம்கூட வராமல் எப்படிச் செய்கிறேன் என்று பார்த்துவிட்டுப் போவார்கள். பெருமையாகத்தான் சொல்கிறேன், அதில் என்ன வெட்கம்.

வியாசர்பாடியில் ஒரு டிரம்ஸ்காரர். ஐம்பது வயசு இருக்கும். நான் மைக் கட்ட, அவர் வாசிக்க, இருபது வருஷத்துப் பழக்கம். டிரம்ஸ் செட்டில் தரையோடு உட்கார்ந்திருக்கிற பெரிய டிரம்மை கிக் என்பார்கள். வலது காலால் பெடலை மிதித்தால் அது 'தொம்' என்று விழும். மற்றவர்கள் மிதித்தால் காதில் கேட்கும். இவர் மிதித்தால் நெஞ்சுக்குள் யாரோ தட்டுகிற மாதிரி இருக்கும். கல்யாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்கள் இலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அந்த வலது காலில்தான் சக்கரைப் புண் வந்தது. இரண்டு விரலை எடுத்தும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை முட்டிக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், வியாழக்கிழமை சாயங்காலம் வந்து படுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு என் கடை வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினார். பின்னாலேயே இன்னொரு ஆட்டோவில் டிரம்ஸ்.

"நைனா, ஒரு அரை அவரு என்னை ரெக்கார்டு பண்ணிக் குடு," என்றார். "நாளைக்கு வூட்ல குந்திகினு இருக்கசொல்லோ, இது நான் மிதிச்சதுன்னு கேக்கணும். கால் பூட்ச்சின்னா எனக்கே மறந்துபூடும்."

"காலைலேர்ந்து இதே பேச்சு. நீயாவது சொல்லு நைனா, கால ஊனக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிகீறாரு," என்றார் அவர் மனைவி.

"வெட்டிப் போடப்போற காலுக்கு இன்னா மரியாதை?" என்று சிரித்தார் அவர். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உட்கார்ந்ததும் அவரே ஒன்று கேட்டார். எப்போதோ யாருக்கோ பதிலாக வடபழனியில் ஒரு ஸ்டுடியோவுக்கு வாசிக்கப் போனவர். "கிக்குக்குன்னு தனியா ஒரு மைக்கு கீது நைனா. குண்டா, முட்டைகோஸ் மாதிரி. உன்னாண்ட கீதா?"

என்னிடம் இல்லை. மாதவரத்தில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் இருந்தது. ஒரு போன் போட்டால் மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்திருக்கும். ஆனால் 'என்னிடம் இல்லை' என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

பாடுகிறவர்களுக்குக் கொடுக்கிற மைக்கை எடுத்து அவர் முன்னால் ஆட்டினேன். "மந்திரி பேசின மைக்குயா இது. இதுல வராத சத்தம் வேற எதுல வரப்போவுது? முட்டைகோஸு வேணும்னா மார்க்கெட்டுக்குப் போ."

"நீ சொன்னா சரி நைனா," என்றார்.

கிக்கின் முன்தோலில் இருக்கிற ஓட்டைக்குள் அந்த மைக்கை வைத்தேன். மற்ற டிரம்களுக்கு மேலே இரண்டு மைக். மிக்ஸரில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு குட்டி பட்டன் உண்டு. அமுக்கினால் அடிச் சத்தத்தை வெட்டிவிடும். எங்கள் ஏரியாவில் அதை அமுக்காமல் மைக் செட் போடவே முடியாது. ஒரு பக்கம் கடல் காற்று மைக்கில் புஸ்ஸென்று ஊதும், இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் உறுமும். அதனால் மைக்கைச் சொருகியதும் என் கை தானாகப் போய் பட்டனை அமுக்கும். வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுகிற மாதிரி, யோசிக்கிற வேலையே இல்லை. அன்றைக்கும் எல்லா லைனிலும் அமுக்கினேன். கிக்குக்கு உயிரே அந்த அடிச் சத்தம்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

கட்டுப் போட்ட காலின் மேல் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, அதன் மேல் துண்டைச் சுற்றி, பெடலில் வைத்தார். முதல் மிதியில் முகம் கோணியது. இரண்டாவது மிதியில் பல்லைக் கடித்தார். அப்புறம் வலியெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. முக்கால் மணி நேரம் வாசித்தார். தகரக் கூரை அதிர்ந்தது. மேஜை மேல் வைத்திருந்த டீ கிளாஸ் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்தது. எத்தனையோ மேடையில் கேட்டவன் நான், அவர் அப்படி வாசித்து நான் கேட்டதில்லை. ஹெட்போன் மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். ஆனால் நேராக என் உடம்பில் ஏறுகிற சத்தத்தை, மைக் பிடித்துக் கொடுக்கிற சத்தம் என்று நினைத்துவிட்டேன்.

முடித்ததும் பெடலில் ஈரமாக ஒரு கறை இருந்தது. அவர் மனைவி முந்தானையால் துடைத்தார்.

"வந்துகீதா நைனா?"

"பிரமாதம்," என்றேன்.

புதன்கிழமை காலையில் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். சின்ன டிரம், தட்டு எல்லாம் கணீரென்று இருந்தது. கிக் மட்டும் அட்டைப் பெட்டியை விரலால் தட்டுகிற மாதிரி 'டிக் டிக்' என்றது. மிக்ஸரைப் பார்த்தேன். பட்டன்கள் வரிசையாக அமுங்கி இருந்தன. எல்லாம் ஒன்றாகக் கலந்து பென்டிரைவில் ஏறிவிட்டது. அடிச் சத்தத்தைக் கூட்ட பேஸைத் திருகித் திருகிப் பார்த்தேன். கொழகொழவென்று ஒரு இரைச்சல் வந்ததே தவிர அவர் மிதி வரவில்லை.

அப்போது மணி பத்து. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் அவர் வீட்டில்தான் இருப்பார். மாதவரத்து மைக்கை வரவழைத்திருக்கலாம். போனை எடுத்தேன், டிரம்ஸ்காரர் பெயர் வரைக்கும் போனேன். அந்தக் காலோடு மறுபடி எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு நினைப்பு. ஆடி மாசம், மூன்று கோயிலுக்கு வண்டி ஏற்ற வேண்டும் என்று ஒரு சாக்கு. எல்லாம் பொய். மந்திரி பேசின மைக் என்று ஆட்டிவிட்டு, தப்பாகிவிட்டது, திரும்ப வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான். புதன் போனது, வியாழன் போனது. வெள்ளிக்கிழமை காலை எடுத்துவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து, நல்ல ஸ்பீக்கர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாக இருந்தார். "போடு நைனா, போடு," என்று அவசரப்படுத்தினார். போட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். போர்வைக்கு அடியில் அந்த முட்டி மேலும் கீழும் ஆடத் தொடங்கியது. கொஞ்ச நேரம் தாளம் தப்பாமல் ஆடியது. அப்புறம் மெதுவானது. அப்புறம் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் ஸ்பீக்கர் ஒயரைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "இன்னாயா இது, டப்பா தட்ற மாதிரி கீது? உன் மிதியே கேக்கல?"

"சும்மா கெட. ரூமு சின்னது, அதான் இப்டி கேக்குது," என்றார் அவர். "நைனா கரீட்டாத்தான் புட்ச்சிகீறாரு." என் பக்கம் திரும்பி, "டீ சாப்ட்டுப் போ நைனா," என்றார்.

சாப்பிட்டேன். என்ன ருசி என்று தெரியாது.

இப்போதும் மாசத்துக்கு ஒரு தடவை போன் பண்ணி, எந்த மேடையில் யார் வாசித்தார்கள், எப்படி வாசித்தார்கள் என்று விசாரிப்பார். அந்தப் பென்டிரைவைப் பற்றி மட்டும் அவரும் கேட்பதில்லை, நானும் பேச்சை எடுப்பதில்லை. இப்போதெல்லாம் வேலையில் ஒரு கோளாறு என்றால் நானே முதலில் போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன். நைனாவுக்கு வயசாகிவிட்டது, இறங்கி வந்துவிட்டார் என்கிறார்கள். சொல்லட்டும். தெரியாமல் நடந்த தப்பு என்று நினைத்துத்தான் அவர் அன்றைக்கு மனைவியிடமே எனக்காகப் பொய் சொன்னார். தெரிந்த பிறகும் ஒன்றரை நாள், அவர் காலோடு வீட்டில் இருந்த கடைசி ஒன்றரை நாள், நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன் என்பதை அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொல்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.