கோவையில் ஜெயித்ததை நம்பாத வாரம்

கோவையில் ஜெயித்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது நாங்கள் மூன்று பேரும் புதுச்சத்திரத்தில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்திருந்தோம். யாரும் கத்தவில்லை. யாரும் எழுந்துகூட நிற்கவில்லை. ரிக்காரர் போனைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி அருகே கொண்டுவந்தார். வெளியே ஒரு முட்டை லாரி ஹாரன் அடித்துக்கொண்டே நாமக்கல் பக்கம் போயிற்று.

“நெசந்தானுங்களா அம்மணி?” என்றார் என்னிடம்.

“அனுப்புனது யாருங்ண்ணா?”

“பி.டி. மேடம்.”

“அப்ப நெசமாத்தான் இருக்கும்.”

“இருக்கும்னா? இருக்குதா, இல்லையா?”

எனக்குத் தெரியவில்லை. எங்கள் கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்து அணி அசலூரில் ஜெயித்து நான் கேள்விப்பட்டதில்லை. நானே இதே அணியில் ஆடியவள். அந்த மூன்று வருடமும் பஸ் ஏறும்போதே தோற்றிருப்போம். அவிநாசி தாண்டினால் யாருக்கும் சாப்பாடு இறங்காது. கோவைக் களத்தின் மரத் தரையில் கால் வைத்ததும், செம்மண்ணில் ஆடிப் பழகிய எங்கள் பாதங்கள் கோயிலுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டதுபோல் கூசும். தோற்ற பிறகுதான் பசிக்கும். திரும்பி வரும் வழியில் புரோட்டா சாப்பிடுவோம், அழுதுகொண்டே, இரண்டாவது சால்னா கேட்டுக்கொண்டே.

ரிக்காரர் என்று நான் சொல்பவர் திருச்செங்கோட்டுக்காரர். போர்வெல் போடும் வண்டியோடு வடநாடெல்லாம் அலைந்து திரும்பியவர். மற்றவர் பாய், ராசிபுரத்தில் துணிக்கடை. இரண்டு பேருடைய மகள்களும் இந்த அணியில் ஆடிப் படிப்பை முடித்துக் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். மகள்கள் போனார்கள், அப்பாக்கள் போகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பெற்றோரும் பழைய மாணவியரும் வந்து பார்க்கலாம் என்று கல்லூரியில் ஒரு ஏற்பாடு உண்டு. அந்த சிமெண்டுப் படிக்கட்டில் எங்கள் மூன்று பேருக்கும் நிலையான இடம். ஆட்டம் முடிந்ததும் அதைப் பற்றி வாட்ஸப் குழுவில் எழுதுவது என் வேலை. கவிதையா கட்டுரையா என்று எனக்கே பிடிபடாத ஒரு நடையில் எழுதுவேன். முக்கியமாகக் கடைசி இரண்டு நிமிடங்களை. அதைப் படித்துவிட்டு, நேரில் பார்த்தவர்களே இன்னொரு முறை பார்த்ததுபோல் இருக்கிறது என்பார்கள்.

எங்கள் பக்கத்தில் நல்லதை நல்லது என்று சொல்கிற வழக்கம் இல்லை. தறி நன்றாக ஓடுகிறதா என்று கேட்டால், “என்னமோ ஓடுதுங்க.” குழந்தை கொழுகொழு என்றிருந்தால் கன்னத்தில் ஒரு மைப்பொட்டு. ஐந்நூறு அடியில் தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தாலும் ரிக் வண்டிக்காரன் வாயால் தண்ணீர் என்று சொல்லமாட்டான். “ஈரம் பட்டிருக்குதுங்க” என்பான். வாய்விட்டுச் சொன்னால் கண் படும். கண் பட்டால் வற்றும். அதனால் ஒரு நல்லது நடந்தால் அதை நாங்களே முதலில் குறைத்துப் பேசிவிட வேண்டும். ஊரார் பேசுவதற்கு மிச்சம் வைக்கக்கூடாது.

ஆகவே தொடங்கினோம்.

“அவிங்க அஞ்சு பேருக்கும் அன்னிக்கு வயித்தால போயிருக்கும்,” என்றார் பாய்.

“ரெஃப்ரி நம்மூருல பொண்ணு எடுத்திருப்பான். மாமியா ஊட்டுக்கு மரியாதை செஞ்சிருக்கான்,” என்றார் ரிக்காரர்.

“ஒருவேள நம்ம கூடைய பெருசா வெச்சிருப்பாங்களோ?”

“பாய், கூட என்ன நீங்க வெட்டிக் குடுக்கற ரவிக்கத் துணியா, கூட்டறதுக்குக் கொறைக்கறதுக்கு?”

சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே வீடியோ வந்தது. கூடப் போயிருந்த ஒரு பெண்ணின் அம்மா எடுத்தது. பாதி நேரம் மின்விசிறியும் யாரோ ஒருவரின் தோளும்தான் தெரிந்தன. ஆனால் நடுவில் ஒருத்தி தெரிந்தாள். பதினோராம் எண். தலையில் ஓர் அங்குல முடி. ஒட்டிய கன்னம். எதிரணியின் இரண்டு பேருக்கு நடுவில், பூட்டாத கதவைத் தள்ளிக்கொண்டு போகிறவள்போல் போனாள். போட்டாள். மறுபடி போனாள். மறுபடி போட்டாள்.

சிரிப்பு நின்றது.

“யாருங்க இது?” என்றார் ரிக்காரர்.

பாய் கண்ணாடியைத் துடைத்து மாட்டிப் பார்த்தார். “நம்ம புள்ள இல்லியே.”

நானும் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. இந்த அணியை ஒரு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் பார்க்கிறோம். ஐந்து பேரின் நடையை, முழங்கையை, கோபத்தை அறிவோம். இந்த முகத்தை அறியோம். அதற்கு முன் வேடிக்கையாக இருந்த சந்தேகம் இப்போது வேறொன்றாக மாறியது. வெளியாளை இறக்கி ஆடுவது இந்தப் போட்டிகளில் நடக்காததல்ல. யாருடைய அடையாள அட்டையிலோ யாரோ ஆடுவார்கள். அப்படியானால் இது ஜெயிப்பே அல்ல.

அன்று நான் குழுவில் எழுதினேன்: ‘பதினோராம் எண் நம் வீட்டுப் பெண்தானா? நம் தண்ணீரைக் குடித்த கால்கள் அசலூரில் இப்படி ஓடியதில்லையே. எந்த ஊர் மேகம் வந்து நம் கூரையில் பெய்தது?’

எழுதி முடித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. கண் படாமல் இருக்க எழுதினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மறு பாதி, நான் உண்மையிலேயே நம்பவில்லை. நான் ஆடிய காலத்தில் முடியாதது இவர்களுக்கு எப்படி முடியும் என்ற குறுகுறுப்பும் அந்த மேகத்துக்குள் இருந்தது. குழுவில் கைதட்டல் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. யாரோ அதை வேறெங்கோ அனுப்பினார்கள்.

புதன்கிழமை காலையில் பி.டி. மேடம் கூப்பிட்டார். வழக்கமாக அக்கா என்று தொடங்கி ஊர்க்கதை பேசுகிறவர். அன்று நேராக விஷயத்துக்கு வந்தார்.

“கோயமுத்தூர்க்காரங்க, நீங்க எழுதுனதப் பிரிண்ட் எடுத்து, வெளியாள எறக்குனோம்னு குடுத்த புகாரோட வெச்சிருக்காங்கக்கா. ‘அவங்க ஆளுங்களே அது அவங்க பொண்ணு இல்லைன்னு சொல்றாங்க’ன்னு.”

“அது சும்மா, திருஷ்டிக்கு…”

“போட்டிக் கமிட்டிக்காரருக்குத் திருஷ்டின்னு எழுதிக் குடுக்கட்டுமா?”

பிறகுதான் அந்தப் பெண் யாரென்று சொன்னார். எடப்பாடிப் பக்கம், விசைத்தறி ஓட்டும் வீடு. இரண்டாம் வருடம். சேர்ந்த புதிதிலேயே முழங்கால் தசைநார் அறுந்து, ஒரு வருடம் முழுக்கக் காலில் பட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். கால் சரியானால் முடி கொடுப்பதாக அவள் அம்மா பழனிக்கு வேண்டிக்கொண்டிருந்தார். கால் சரியாயிற்று. இடுப்புவரை இருந்த முடியைக் கொடுத்துவிட்டு வந்து ஆடிய முதல் ஆட்டம் கோவை.

“பெஞ்சுலயா?” என்றேன். “எந்தப் பக்கம்?”

“ஒங்களுக்கு நேர் எதிர்லக்கா.”

அட்டையில் இருக்கும் படத்தில் நீண்ட சடையும் உப்பிய கன்னமும். ஆதார் படமோ பள்ளிக்கூடக் குழந்தையுடையது. பேர் பதிவேட்டில் இருக்கிறது. பேருக்குரிய ஆள் இவள்தானா என்பதுதான் கேள்வி. அம்மா சொன்னால், பெற்றவள் வேறென்ன சொல்வாள் என்பார்கள். கல்லூரி ஆசிரியர்கள் சொன்னால் அவர்கள்மேல்தான் புகாரே. வெளியிலிருந்து யாராவது சொல்ல வேண்டும். சொல்லவில்லையென்றால் ஜெயிப்பு ரத்தாகும், அதுகூடப் போகட்டும்; படிப்பு முடியும்வரை அவள் களத்தில் இறங்க முடியாது. ஒரு வருடம் காலுக்காகப் போயிற்று. மிச்சமிருப்பது என் மூன்று வாக்கியங்களுக்காகப் போகும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் உடற்கல்வி அறையில் உட்கார்ந்தோம். சுவரில் வலைப் பைகளில் பந்துகள். கமிட்டிக்காரர் வயதானவர், வெள்ளைச் சட்டை, பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். மேடம் ஜன்னல் ஓரம் நின்றார். அந்தப் பெண் கதவருகே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். நேரில் வீடியோவில் இருந்ததைவிடச் சின்னவளாகத் தெரிந்தாள்.

“இந்தப் பொண்ண உங்களுக்குத் தெரியுமா?” என்று கமிட்டிக்காரர் ரிக்காரரைக் கேட்டார்.

“தெரியாமீங்களா? நம்ம புள்ளதானுங்க. எத்தன வருசமாப் பாக்கறோம்!”

“ரெண்டாவது வருஷம்தான் படிக்கிறா.”

“அதத்தானுங்க சொன்னேன்.”

“பேர் என்ன?”

ரிக்காரர் பந்துகளைப் பார்த்தார். பந்துகளில் பேர் எழுதியிருக்கவில்லை.

பாயைக் கேட்டார். பாய் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, “பொய் சொல்லக்கூடாதுங்க. நான் கவனிச்சதில்ல,” என்றார். மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு என் முறை. நான் எழுதிய காகிதம் மேசைமேல் இருந்தது. அச்சில் பார்த்தபோது அந்த மேகம் அசிங்கமாக இருந்தது. தெரியும் என்று சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருந்தேன். பேர்கூட மேடத்திடம் கேட்டு வைத்திருந்தேன். ஆனால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் கேட்டுத் தெரிந்துகொண்ட பேரைச் சொல்ல வாய் வரவில்லை.

“தெரியாதுங்க,” என்றேன். “எனக்கு எதிர்லயேதான் ஒக்காந்திருந்துச்சாம். ஆடறவங்களத்தான் பார்த்தேன். இவ அங்க இல்லைன்னு நான் சொல்லல. நான் பாக்கலைன்னு சொல்றேன்.”

“அத வெச்சு நான் என்ன எழுதறது?”

பேனா மூடி கழன்றது. அப்போது அந்தப் பெண் பேசினாள்.

“எனக்கு இவிங்களத் தெரியுமுங்க.”

கமிட்டிக்காரர் நிமிர்ந்தார்.

“அந்த அப்பா,” ரிக்காரரைக் காட்டினாள், “நாங்க பத்துப் பாயிண்டு பின்னாடி போனா செருப்பக் கழட்டிருவாருங்க. சமமா வந்தாத்தான் மறுபடி போடுவாரு. ஒரு நாளு மழைல வெறுங்காலோட பார்க்கிங் வரைக்கும் போனாரு. பாய் அப்பா, யாராவது ஃப்ரீ த்ரோ போட நின்னா சட்டைல மேல்பொத்தானப் பூட்டிக்குவாருங்க. போட்டு முடிச்சதும் கழட்டிருவாரு.”

ரிக்காரரும் பாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பாயின் கை மட்டும் கழுத்துக்குப் போய்த் திரும்பியது.

“இந்தம்மா,” என்றாள், “கடைசி ரெண்டு நிமிசம் இருக்கறப்ப எந்திரிச்சு வேப்ப மரத்துக்குப் பின்னால போயிருவாங்க. அடிமரத்துல நெத்திய வெச்சு நின்னுக்குவாங்க. முடிஞ்சு சத்தம் கேட்டதுக்கப்பறந்தான் வருவாங்க. ஒரு தடவகூட முழுசாப் பாத்ததில்லைங்க.”

கமிட்டிக்காரருக்குச் சந்தேகம் தீரவில்லை. இந்தப் பக்கத்தில் யாருக்குத்தான் தீரும்? மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். “நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?”

“எனக்கே இப்பத்தான் தெரியும் சார். நான் அப்ப ஆட்டத்தத்தான் பாப்பேன்.”

“ஆடறவளுக்கும் தெரியாது. பெஞ்சுல ஒக்காந்து பாத்தவளுக்குத்தான் தெரியும்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னிடம், “அந்தப் பொண்ணு சொல்றது சரியா?”

கமிட்டிக்காரரைத் தவிர அறையில் இருந்த எல்லோரும் என் எழுத்தை வாராவாரம் படிக்கிறவர்கள். கடைசி நிமிடத்தில் பந்து வளையத்தின் விளிம்பில் சுற்றியதை, காற்று நின்றதை, பார்த்தவள்போல் எத்தனை சனிக்கிழமை எழுதியிருக்கிறேன். நாற்பத்தெட்டு வயதில் ஒரு பொய் இவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைத்ததில்லை.

“ஆமாங்க,” என்றேன். “போயிருவேன்.”

“எதுக்கு?”

“பயமுங்க.”

“அப்ப நீங்க எழுதறதெல்லாம்?” என்றார் ரிக்காரர், இடம் பொருள் மறந்து.

“சத்தத்த வெச்சு எழுதுவேனுங்ண்ணா.”

யாரும் சிரிக்கவில்லை. கமிட்டிக்காரர் எங்கள் மூன்று பேரையும், குற்றவாளிகள் யாரென்று இப்போதுதான் புரிந்தவர்போல் ஒரு சுற்றுப் பார்த்தார். ரிக்காரரிடமும் பாயிடமும் தனித்தனியாகக் கேட்டார். செருப்பும் பொத்தானும் ஒப்புக்கொள்ளப்பட்டன. ஒரு பக்கம் நிறைய எழுதினார். எங்களிடம் கையெழுத்து வாங்கினார். புகாரில் ஒன்றுமில்லை என்று தான் எழுதியதை மேடத்துக்குப் படித்துக் காட்டினார். அந்தப் பெண்ணிடம், புதுப் படம் எடுத்து அட்டையில் ஒட்டிக்கொள்ளச் சொன்னார். “முடி வளந்தா மறுபடி எடுக்கணும்,” என்றார். அவள் தலையாட்டினாள்.

வெளியே வந்தபோது ரிக்காரர் அவள் பின்னாலேயே போனார்.

“சாமி, நாங்க எழுதிப்போட்டத மனசுல வெச்சுக்காத சாமி.”

அவள் சுவரில் சாய்ந்து, முழங்கால் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“மனசுல வெச்சுக்கிட்டதுனாலதானுங்க இன்னிக்குத் தப்பிச்சேன்,” என்றாள்.

பிறகு பந்தை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. சிமெண்டுப் படிக்கட்டு தொட முடியாமல் சுட்டது. நாங்கள் மூன்று பேரும் கைப்பிடிக் கம்பியருகே நின்றோம். அவள் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி எறிந்துகொண்டிருந்தாள். போனது, போனது, போகவில்லை, போனது. பாய் ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். வேப்ப மரம் எட்டடி தள்ளி இருந்தது. நான் கம்பியை விடாமல் நின்று பார்த்தேன்.