மெத்தென்று ஓடிய வண்டி

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், மேட்டுப்பாளையத்துப் பாக்கு வியாபாரி ஒருவரிடமிருந்து பழைய வண்டி ஒன்றை வாங்கினேன். ஜீப்பைக் காட்டிலும் நீளமும் உயரமும் மிக்கது. பத்துப் பேர் தாராளமாக அமரலாம். எதிரில் நின்று பார்த்தால், சிறிய லாரியொன்று நம்மை உற்று நோக்குவதுபோல் இருக்கும். அதன் தோற்றத்தில் நான் மயங்கினேன் என்பதை இப்போது மறைப்பதற்கில்லை.

மயக்கம் தெளிய ஒரு நாள் போதுமானதாக இருந்தது. சாலையில் கிடந்த சிறு கல்லின் மீது சக்கரம் ஏறினாலும் அதன் அதிர்ச்சி முதுகெலும்பின் வழியே உச்சந்தலை வரை வந்து சேர்ந்தது. கதவு ஒரு விதமாகவும் சன்னல் கண்ணாடி வேறு விதமாகவும் கடகடத்தன. பின்புறம் அடியிலிருந்து மட்டும், வெற்றுத் தகரப் பெட்டிக்குள் சுத்தியலைப் போட்டு ஆட்டுவதுபோல் ஓயாத ஓசை எழுந்தது. சரவணம்பட்டிக்கு அப்பால் உள்ள எங்கள் தோட்டத்திலிருந்து டவுன் வரை சென்று திரும்பிய என் மனைவி, இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, இதுக்கு நம்ம டிராக்டர் டிரெய்லரே தேவலைங்க. அதுல தூக்கிப் போட்டா வெளியவாவது குதிச்சுக்கலாம். இதுல கதவும் தொறக்க மாட்டீங்குது."

நான் சிரிக்கவில்லை. அவ்வண்டியை நான் வாங்கியதற்கு ஒரே ஒரு காரணம் இருந்தது. கோபிசெட்டிபாளையத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த எங்கள் மகள் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. அதற்கு முந்தைய ஆண்டு அவளுடைய முதல் கரு நான்காம் மாதத்திலேயே கலைந்துபோயிற்று. இம்முறை டாக்டரம்மா, குலுங்கும் வண்டியில் அவளை ஏற்றவே கூடாதென்று எச்சரித்திருந்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி ஏழாம் மாதம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டுபோய், விருந்து முடிந்தபின் அவளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். நெரிசலான பேருந்தில் அல்லாது, சொந்த வண்டியில், கால் நீட்டி அமர்ந்து அவள் வரவேண்டும் என்று நான் எண்ணியிருந்தேன். எண்ணத்துக்கும் வண்டிக்கும் சற்றும் பொருந்தவில்லை.

மெக்கானிக்கிடம் கொண்டுபோயிருக்கலாம். கொண்டுபோகவில்லை. முப்பது வயது வரையில் மாட்டுவண்டி ஓட்டியவன் நான். வெறும் வண்டி தூக்கித் தூக்கிப் போடும். பாரம் ஏற்றிய வண்டி அடங்கி, மெத்தென்று போகும். இதை எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனவே பின்னிருக்கைகளை மடக்கிவிட்டு, மாட்டுத் தீவனத்துக்காக வாங்கியிருந்த பருத்திக்கொட்டை மூட்டைகளில் ஆறினை அங்கே அடுக்கினேன்.

பலன் உடனே தெரிந்தது. வண்டி தணிந்து ஓடியது. அடியிலிருந்து வந்த ஓசையும் பெரும்பாலும் அடங்கிற்று. அந்த மூட்டைகளோடே மூன்று வாரம் எங்கும் சென்றுவந்தேன். ஒருநாள் ரயில்வே கேட்டைக் கடக்கையில் அடியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. மூட்டைகள் சரிந்து பதிந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அன்று முதல் சவாரி இன்னும் இதமாயிற்று. பக்கத்துத் தோட்டத்துக்காரரை ஏற்றிச்சென்று காட்டினேன். "ஏரோப்ளேன் மாதிரி போகுதுங்க" என்றார் அவர். விமானத்தில் அவரும் ஏறியதில்லை, நானும் ஏறியதில்லை. இருந்தும் அச்சொல்லை நான் வீட்டில் இரண்டு முறை திருப்பிச் சொன்னேன்.

கட்டுச்சோற்று நாள் வந்தது. எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு என்று ஏழு வகை. வகைக்கொரு பாத்திரமாக ஏழு தூக்குப் போசிகள். மூட்டைகளுக்கு முன்னால் ஒரு பவானி ஜமக்காளத்தை மடித்து விரித்து, அதன்மேல் அவற்றை வரிசையாக வைத்து, விடியற்காலையில் புறப்பட்டோம். அன்னூரைத் தாண்டியதும் என் மனைவி பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கலானாள்.

"ஏனுங்க, போசியெல்லாம் ஒரே பக்கமா நவுருதுங்க. எத்தன தடவ நேரா வெச்சாலும் இடது பக்கமாவே போகுது."

"ரோடு சாஞ்சிருக்குது அம்மணி."

"அன்னூர்ல இருந்து இங்க வரைக்குமாங்க ரோடு சாஞ்சிருக்குது?"

புளியம்பட்டியில் தேநீர் அருந்த நிறுத்தினேன். எதிரே லாரிகளுக்குப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. அதன் வாசலில் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்த நடுவயது மெக்கானிக், எங்கள் வண்டியைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, குச்சியை எறிந்து வாய் கொப்பளித்து அருகில் வந்தார்.

"ஏனுங்க ஐயா, உள்ளாற என்னத்தைங்க ஏத்தியிருக்கீங்க?"

"பருத்திக்கொட்டைங்க."

"மாடும் உள்ளாறதான் இருக்குதுங்களா?"

தேநீர்க் கடையில் நின்றிருந்த இருவர் சிரித்தனர். சவாரி மெத்தென்று இருப்பதற்காக ஏற்றியதென்று நான் விளக்கினேன். அவர் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இடது பின்சக்கரத்தின் அருகே மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார். வெகுநேரம் வெளிவரவில்லை. பின்னர் உள்ளிருந்தே குரல் வந்தது.

"ஐயா, நீங்களே வந்து பாருங்க. நாஞ் சொன்னா நம்ப மாட்டீங்க."

வெள்ளை வேட்டியோடு புழுதியில் படுத்தேன். அச்சினைத் தாங்கும் இரும்புப் பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் தடித்த இரண்டு, லாரியிலிருந்து கழற்றிப் பொருத்தப்பட்டவை என்று அவர் காட்டினார். பாக்கு மூட்டை ஏற்றுவதற்காக முந்தைய உரிமையாளர் செய்த ஏற்பாடு அது. வெறும் வண்டி தூக்கிப் போட்டதன் காரணமும் அதுவே. பட்டைகளின் மூட்டுகளில் தேய்ந்துபோன ரப்பர் புஷ்கள்தாம் அடியில் ஓசை எழுப்பியவை. இவ்வளவும் எனக்குப் புரிந்தது. அதன்பின் அவர் விரலால் மேலே சுட்டினார். எல்லாவற்றையும் சுமக்கும் முதற்பட்டை, வண்டியோடு அது பொருத்தப்படும் வளையத்துக்கு நான்கு விரற்கடை தள்ளி, குறுக்கே இரண்டாக ஒடிந்திருந்தது. ஒடிந்த முகத்தின் ஒரு பாதியில் துரு. மறு பாதி புது வெள்ளியாகப் பளபளத்தது.

"பாதி முந்தியே விட்டிருக்குதுங்க. மிச்சத்த உங்க பருத்திக்கொட்டை முடிச்சிருச்சு. இப்ப ரெண்டாவது பட்டையோட இந்த நுனி மட்டுந்தான் அச்சைப் புடிச்சிருக்குது. இது நழுவுனா, சக்கரம் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்."

"ஆனா மெத்துனுதானுங்களே போச்சு?"

"மெத்துனுதானுங்க போகும். ஒடிஞ்சு போச்சுல்ல?"

என் காதில் அந்த ரயில்வே கேட்டின் 'டக்' மறுபடி கேட்டது. அந்த ஒலிக்குப்பின் வந்த இதத்தைத்தான் நான் ஊரெல்லாம் காட்டித் திரிந்தேன். அன்று பிற்பகல் என் மகளை, அவள் வயிற்றிலிருந்த உயிரோடு, அந்தப் பட்டையின் நுனியின்மேல் உட்கார வைத்து ஐம்பது மைல் ஓட்டியிருப்பேன். மெக்கானிக்தான் கைகொடுத்து என்னை வெளியே இழுத்தார். என் மனைவி என் வேட்டியையும் முகத்தையும் பார்த்தாள். நான் சொல்லத் தொடங்குமுன்பே அவளுக்கு விளங்கிவிட்டது.

"நல்ல நேரம் பதினொன்னரை வரைக்குந்தானுங்க. நான் கார் புடிச்சுப் போறேன். புள்ளைய அதுலயே கூட்டிட்டு வந்துர்றேன். நீங்க இதப் பாருங்க."

கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். வாடகை அம்பாசிடர் ஒன்றில் ஏழு போசிகளும் அவளும் ஏறிப்போயினர். பெற்ற தகப்பன் கட்டுச்சோற்றுக்கு வரவில்லை என்ற செய்தியை, எஸ்.டி.டி. பூத்திலிருந்து சம்பந்தி வீட்டாருக்கு நானே தெரிவித்தேன். காரணம் கேட்டார்கள். வண்டி பழுது என்று மட்டும் சொன்னேன்.

மாலை வரை அந்தப் பட்டறையில் அமர்ந்திருந்தேன். பருத்திக்கொட்டை மூட்டைகள் இறங்கின; மடக்கிய இருக்கைகள் நிமிர்ந்தன. லாரிப் பட்டைகள் கழன்று விழுந்தன. இருபுறமும் புது முதற்பட்டை ஏறியது, புஷ்கள் மாற்றப்பட்டன. சக்கரங்களில் நான் லாரிக்கு இணையாக ஏற்றி வைத்திருந்த காற்றையும் அவர் தலையில் அடித்துக்கொண்டு இறக்கினார். பின்னர் நான் பின்னிருக்கையில் அமர, அவர் சந்தைமேட்டின் மோசமான பாதையில் ஓட்டிக்காட்டினார். ஓசை இல்லை; குலுக்கலும் பெரிதாக இல்லை. எனக்கோ, இதமாக இருப்பதே அச்சமூட்டியது. திரும்பவும் அடியில் படுத்துப் பார்த்தேன். "அதுக்குள்ள ஒடியாதுங்க ஐயா" என்றார் அவர்.

திரும்பி வந்த அம்பாசிடர் பட்டறை முன்னால் நின்றபோது மகள் இறங்கி என் வண்டியில் வருவதாகச் சொன்னாள். நான் ஏற்றவில்லை. காருக்குப் பின்னாலேயே தனியாக ஓட்டிவந்தேன்.

அடுத்து வந்த இரண்டு மாதமும் நாள்தோறும் காலையில் வேட்டியை மடித்துக் கட்டி, வண்டிக்கு அடியில் போய்ப் பட்டையைத் தடவிப் பார்த்தேன். பின் ஒருநாள் நண்பகலில் மகளுக்கு வலி கண்டது. வாடகைக் கார் எதுவும் கிடைக்கவில்லை. வேறு வழியின்றி அவளையும் என் மனைவியையும் பின்னிருக்கையில் அமர்த்திப் புறப்பட்டேன். வேகமானியின் முள்ளை இருபதுக்கு மேல் ஏறவிடவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் நிறுத்தி நிறுத்தியே வண்டியை இறக்கினேன்.

"ஏனுங்கப்பா, தேரா இழுக்கறீங்க? வேகமாப் போங்க, வலி தாங்க முடியல" என்று அவள் கத்தினாள்.

அழுத்தினேன். வண்டி அறுபதில் பறந்தது. அதிர்ச்சி ஒன்றுமில்லை, ஓசை ஒன்றுமில்லை. அந்த அமைதியில், அடியில் 'டக்' என்று கேட்கிறதா என்றே காது கொடுத்தபடி ஓட்டினேன். மருத்துவமனையில் அவளைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். அறைக்கு வெளியே நிற்க என்னால் இயலவில்லை. நேரே திரும்பிவந்து, மருத்துவமனை முற்றத்தில் வண்டிக்கு அடியில் நுழைந்தேன். இடப்பக்கப் பட்டையைப் பார்த்தேன். வலப்பக்கத்தையும் பார்த்தேன். இரண்டும் முழுமையாக இருந்தன. மீண்டும் இடப்பக்கம் பார்க்க நகர்ந்தபோது, என் கால்களுக்கு அருகில் மனைவியின் குரல் கேட்டது.

"ஏனுங்க, வெளிய வாங்க. பேத்தி பொறந்திருக்குதுங்க."

பேத்தி பிறந்த செய்தியை நான் வண்டிக்கு அடியில் படுத்தபடிதான் கேட்டேன். அப்போதும் என் கை அந்த இரும்பைவிட்டு உடனே வரவில்லை.